பால்வெட்டுத் தழும்பில் ஒரு சுவர்ப்படம்

ரப்பர் மரத்துக்கு அழகு கிடையாது என்பது மரவேலை செய்பவர்களிடம் ஊறிப்போன எண்ணம். தேக்கின் வரி அதற்கு இல்லை, தூங்குமூஞ்சி மரத்தின் கருமையும் இல்லை, வெளிறிய சப்பென்ற பலகை என்பார்கள். மேசை நாற்காலிக்கு ஆகும், சுவரில் மாட்ட ஆகாது என்பது அவர்கள் தீர்ப்பு. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆலைக்குப் போகும் நேரான நடுத்தண்டை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லும் பேச்சு அது. அடிக்கட்டையை அறுத்துப் பார்த்தால் பேச்சு மாறும். ஆண்டுக்கணக்கில் கத்தி பட்ட இடம் அது. பட்ட ஒவ்வொரு காயத்தையும் மரம் தன் உடம்புக்குள் மூடி வைத்திருக்கிறது. அந்தத் தழும்புகளை வைத்து ஒரு சுவர்ப்படம் செய்தேன். சாயமில்லை, செதுக்கலில்லை, தீயால் கரிக்கவும் இல்லை. மரத்தில் இருந்தது மட்டுமே படத்தில் இருக்கிறது. செய்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. எஞ்சியிருப்பவை சிறுதோட்டக்காரர்களின் சில ஏக்கர் நிலங்கள். மரத்துக்கு 25, 30 வயதானதும் பால் குறைந்துவிடும். சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் சாய்த்த மரம் விறகுதான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடவும், செங்கல் சூளைக்கும், கரி சுடவும் போனது. பிறகுதான் அது மேசை நாற்காலி போன்ற தளவாடங்களுக்கான மரமாக மதிப்புப் பெற்றுக் கப்பலேறியது. இன்றும் எங்கள் பக்கத்துக் குத்தகைக்காரர்கள் தேடி எடுப்பது நேரான, வழவழப்பான தண்டைத்தான். மேடும் பள்ளமுமாக இருக்கும் அடிக்கட்டைகளில் பல, வேலி ஓரமாக உருட்டி விடப்படுகின்றன.

தெரிந்த ஒருவரின் நிலத்தில் மரம் சாய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உரிமையாளரிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு போனேன். சங்கிலி ரம்பம் பிடித்திருந்த தம்பி, "விறகுக்கா அக்கா? அப்படியென்றால் கிளையாக எடுத்துக்கொள்ளுங்கள், பிளக்கச் சுலபம்" என்றார். சுவரில் மாட்டுவதற்கு என்று சொன்னதும் ரம்பத்தை நிறுத்திவிட்டார். பிறகு அவரே ஒவ்வொரு கட்டையாகப் புரட்டி, முண்டும் முடிச்சும் அதிகமாக உள்ளதைத் தேர்ந்து கொடுத்தார். எது நல்ல கட்டை என்பதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அந்த முண்டுகள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால்தான் கட்டையை எந்தப் பக்கமாக அறுப்பது என்பது புரியும். ரப்பர்ப் பால் மரத்துக்குள் இல்லை, பட்டையில் இருக்கிறது. பட்டையின் உட்புறத்தில், மரத்தை ஒட்டிய மெல்லிய அடுக்குகளில்தான் பால்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவை செங்குத்தாக மேலே போகாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்த்துப் போடுகிறார்கள். கூடுதலான குழாய்கள் அறுபடும், கூடுதலாகப் பால் வரும். சாய்வு ஏறக்குறைய 30 பாகை. ஒவ்வொரு வெட்டிலும் காகிதம் போன்ற ஒரு சீவல் பட்டையை மட்டும் எடுக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளர்படலம் இருக்கிறது; மரம் பருப்பதும் பட்டை மறுபடி வளர்வதும் அதனால்தான். கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். நின்றால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வழவழப்பாக வளர்ந்து, அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். நிற்காமல் கட்டையைத் தொட்டுவிட்டால் அங்கே வளர்படலம் செத்துப்போகும். மரம் பக்கங்களிலிருந்து சதை வளர்த்து அந்தக் காயத்தை மூடும். மூடும்போது நார் நேராக ஓடாது. காயத்தைச் சுற்றி வளைந்து, சில இடங்களில் பட்டைத் துணுக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு சுழியாகும். வெளியே தெரியும் முண்டு அதுதான்.

ஆகவே அறுக்க வேண்டியது ஆரப்போக்கில், அதாவது பட்டையிலிருந்து நடுமையத்தை நோக்கி, அல்ல. பட்டைக்கு இணையாக, வெட்டு விழுந்த முகத்தை ஒட்டி, தோல் உரிப்பது போல அடுக்கடுக்காக அறுக்க வேண்டும். ஊரில் தளவாடம் செய்யும் பட்டறை ஒன்றில் நாடா ரம்பம் இருக்கிறது. அங்கே கொடுத்து 30 மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து வாங்கினேன். கட்டை காய்வதற்கு முன் அறுத்துவிடுவது நல்லது. ரப்பர் மரம் காத்திருக்காது. சாய்த்த சில நாள்களிலேயே முனைகளில் வெடிப்பும் உள்ளே பூஞ்சையும் தொடங்கிவிடும். கொண்டுவந்த அன்றே இரு முனைகளிலும் மெழுகைத் தடித்துப் பூசியதால்தான் வெடிப்பு கட்டுக்குள் இருந்தது.

பட்டையோடு ஒட்டிய முதல் சீவலைக் கழித்துவிட்டு இரண்டாவது பலகையைத் திருப்பியபோது கிடைத்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலகையின் நிறம் பச்சையில் வெண்ணெய் நிறம். காய்ந்தால் வைக்கோல் நிறத்துக்கு வரும். அதன் மேல், நீளவாக்கில், மெல்லிய பழுப்புக் கீறல்கள். அவை நீர் ஏறும் குழாய்களின் தடங்கள். ரப்பர் மரத்தில் இவை பெரியவை, கண்ணுக்கே தெரியும். இந்த நேர்க்கோடுகளைக் குறுக்கே மறித்துக்கொண்டு, 30 பாகைச் சாய்வில், விட்டு விட்டுக் கரும்பழுப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் விரல் நீளம் இருக்கும், சில அதற்கும் குறைவு. ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகின்றன. கோடு முடியும் இடத்தில் குழாய்த் தடங்கள் ஒதுங்கி, வளைந்து, கோட்டைத் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. ஓரிடத்தில் மூன்று காயங்கள் நெருங்கி விழுந்து, நடுவிலுள்ள நார் முழுவதும் சுருண்டு ஒரு கண்ணாகிவிட்டது. ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்ததும் அந்தக் கண் பளிச்சென்று எழுந்து நின்றது. வரியைப் பார்ப்பதற்குத் தண்ணீரைவிட ஸ்பிரிட் மேல். எண்ணெய் பூசியபின் எப்படி இருக்குமோ அதை அப்போதே காட்டிவிட்டு ஆவியாகிவிடும், நாரையும் எழுப்பாது.

என் அம்மா பல ஆண்டுகள் நிரை பிடித்து, அதாவது தனக்கென்று ஒதுக்கிய மரவரிசையில், பால் வெட்டியவர். பலகையை வாசல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தவர், மரத்தைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஒரே கையால் வெட்டிய மரம் இல்லை, பாப்பா" என்றார். மேல்பகுதியைக் காட்டி, "இங்கே பார், கத்தி கட்டையைத் தொடவே இல்லை. நல்ல கை. அதற்குக் கீழே வந்தது புதுக் கை. அவசரத்தில் வெட்டியிருக்கிறது" என்றார். கோடுகள் கோணல்மாணலாக இருந்த இடத்தில் விரலை வைத்து, "கத்தி தீட்டவில்லை. மொட்டைக் கத்தியை அழுத்தினால் இப்படித்தான் உள்ளே போகும். கங்காணி பார்த்தால் ஏச்சு விழும்" என்றார்.

எனக்கு அதுவரை அது வரியும் சுழியும்தான். மரத்தின் வரியைப் படிப்பதற்குத் தச்சு தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பால் வெட்டத் தெரிந்தவர்கள் படிக்கும்போது அதே பலகையில் ஆள் தெரிகிறது. அம்மா சொன்ன பிறகு படத்தின் அமைப்பு எனக்கு முடிவாகிவிட்டது. மேலே தெளிந்த பகுதி அப்படியே இருக்கட்டும், கீழே தழும்புகள் அடர்ந்து வரட்டும். தழும்பு மட்டும் நெருக்கமாக உள்ள துண்டுகளை வெட்டி ஒட்டியிருந்தால் கண்ணைப் பறித்திருக்கும். ஆனால் அந்த நல்ல கை காணாமல் போயிருக்கும்.

இனி நீலம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதைத் தின்ன இரண்டு கூட்டம் வரும்: நீலப்பூஞ்சை, மாவுவண்டு. தேக்கு, செங்கால் (இங்கத்திய கடின மரம்) போன்றவற்றில் இருக்கும் கருத்த வைரப்பகுதி ரப்பர் மரத்தில் தனியாக இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் சத்தும் அதற்குக் குறைவு. ஆலைகளில் அறுத்த உடனே அழுத்தக் கலனில் வைத்துப் போரான் உப்பை உள்ளே செலுத்துகிறார்கள். வீட்டில் அது முடியாது. ஆனால் பச்சைப் பலகைக்குப் போரான் தானாகவே உள்ளே போகும். மரத்திலுள்ள ஈரத்தின் வழியாக மெல்ல மெல்லப் பரவும். காய்ந்த பலகையில் இது நடக்காது, ஆகவே தள்ளிப்போடக் கூடாது. போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு என்று கலந்து, பத்துப் பங்கு வெந்நீருக்கு ஒரு பங்கு வீதம் கரைத்துக்கொண்டேன். பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாது. பலகைகளை அதில் ஊறவிட்டு எடுத்து, சொட்டச் சொட்ட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி, சில வாரம் நிழலில் வைத்தேன். கையுறை கட்டாயம். பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். மிஞ்சிய கரைசலைச் செடிகளின் பக்கம் ஊற்றக் கூடாது. போரான் மிகுந்தால் செடி கருகிவிடும்.

எல்லாப் பலகையையும் அப்படிச் செய்யவில்லை. இரண்டை மட்டும் வேண்டுமென்றே சில நாள் விட்டுவைத்து, நீலம் ஏறவிட்டேன். ஆலைக்காரர்களுக்கு இது கழிவு. மேசைக்கு நீலப்பலகை போட்டால் வாங்க ஆளில்லை. ஆனால் இந்தப் பூஞ்சை மரத்தின் உறுதியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. நாரின் சுவரைத் தின்னாமல், அணுக்களில் சேர்த்து வைத்த மாவையும் சர்க்கரையையும்தான் தின்கிறது. பட்டையிலிருந்து மையத்துக்கு ஓடும் ஆரக்கதிர்கள் வழியாக உள்ளே நுழைவதால் குறுக்குவெட்டில் மையத்தை நோக்கிக் கூராகும் ஆப்பு வடிவங்களாகத் தெரியும். பலகையின் முகத்திலோ மழைமேகம் போன்ற சாம்பல்நீலப் பட்டைகளாக நீளும். போதுமான அளவுக்கு ஏறியதும் போரானில் போட்டு, காயவைத்தால் அத்தோடு நின்றுவிடும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால் பூஞ்சையால் வளர முடியாது. நிறம் மட்டும் தங்கும். எந்தக் கடைச்சாயத்திலும் அந்த நீலத்தை நான் பார்த்ததில்லை. இந்தப் பலகைகளைத் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

உலர்த்துவதில் சொல்ல அதிகமில்லை. கூரைக்குக் கீழே, காற்று ஓடும் இடத்தில், பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளை நேர்க்கு நேராக வைத்து அடுக்கி, மேலே கல் பாரம் ஏற்றினேன். நம் காற்றின் ஈரத்துக்கு வீட்டில் எவ்வளவு காயவைத்தாலும் ஏறக்குறைய 15 விழுக்காட்டில் வந்து நிற்கும். சுவரில் மாட்டும் பொருளுக்கு அது போதும். குளிர்சாதனம் ஓடும் அறைக்கென்றால் அந்த அறையிலேயே இன்னும் சில வாரம் வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

காய்ந்த பலகையை அதே பட்டறையில் கனத்தின் நடுவே பிளந்து, இரண்டு மெல்லிய பலகைகளாக்கினேன். இழைத்தபின் ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர். பிளந்த இரு முகங்களையும் ஏட்டை விரிப்பதுபோல் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றதன் கண்ணாடி நிழல். இடப்பக்கப் பலகையில் தழும்புகள் இடமிருந்து வலமாக இறங்குகின்றன. வலப்பக்கத்தில் வலமிருந்து இடமாக இறங்குகின்றன. நடுவில் சேரும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை, மீன்முள் வடிவம்.

அந்த வடிவம் ரப்பருக்குப் புதிதல்ல. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்பதை, எங்களுக்கு அடுத்த ஊரான குவாலா கங்சாரில், அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டார். அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மரம் இருந்தும், அதைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழி பிடிபடச் சில காலமாயிற்று. 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, பட்டையைச் சீவிச் சீவி அதே வெட்டைத் திறக்கும் முறையைக் கண்டறிந்து பரப்பினார். அந்தக் காலத்து வெட்டு, நடுவில் ஒரு கால்வாயும் அதில் இருபுறமிருந்தும் வந்து சேரும் சாய்வெட்டுகளுமாக, மீன்முள் போலவே இருந்தது. பிற்பாடுதான் அம்மாவுக்குத் தெரிந்த அரைச்சுற்று ஒற்றை வெட்டு வழக்கத்துக்கு வந்தது. ஒற்றை வெட்டு மரத்தைப் பிளந்து விரித்ததில் பழைய வெட்டின் உருவம் கிடைத்ததால், இணைப்புக்கோட்டைச் சரியாக நடுவில் வைத்தேன். பார்ப்பவர்களுக்கு அது ஓடும் கால்வாயாகத் தோன்ற வேண்டும்.

இழைப்பில் ரப்பர் மரத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சாய்ந்து வளர்ந்த மரங்களிலும் காயம்பட்ட இடங்களிலும் இழுவிசையைத் தாங்கும் ஒருவகை நார் உருவாகியிருக்கும். கத்தி பட்டால் அது அறுபடாமல் பஞ்சுபோல எழும்பும். உப்புத்தாளை வைத்துத் தேய்க்கத் தேய்க்க இன்னும் எழும்பும். அந்த இடங்களில் அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசினேன். காய்ந்ததும் பஞ்சு விறைத்துக்கொள்கிறது. அப்போது நன்றாகத் தீட்டிய சுரண்டுத் தகட்டால் மெல்ல எடுத்தால் அடியோடு வந்துவிடும். அதன்பிறகு 120, 180, 240 என்று உப்புத்தாளை ஏற்றினேன். தழும்பின் பட்டைத் துணுக்குகள் சில உதிரும் நிலையில் இருந்தன. அவற்றை மட்டும் மெல்லிய பசை விட்டு இருத்தினேன். உதிர்ந்துவிட்ட குழிகளை நிரப்பவில்லை. காயத்தின் குழி காயமாகவே இருக்கட்டும்.

ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளை மரப்பசையே போதும், ரப்பர் மரம் பசையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒட்டிய பலகையை ஒட்டுப்பலகையின் மேல் முழுக்க ஒட்டி இறுக்கக் கூடாது. மரம் ஈரம் ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். பட்டைக்கு இணையாக அறுத்த பலகை அகலவாட்டில் அசைவது, ஆரப்போக்கில் அறுத்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பின்புறம் இரண்டு குறுக்குச் சட்டங்கள் கொடுத்தேன். திருகாணித் துளைகளில் நடுவில் உள்ளதை மட்டும் இறுக்கி, ஓரங்களில் உள்ளவற்றை நீள்துளையாக்கினேன். பலகை தன் விருப்பத்துக்கு நகர்ந்துகொள்ளும். சுற்றுச்சட்டம் மெர்பாவ் என்னும் கடின மரம். பட்டறையில் மிச்சமிருந்த துண்டுகள்; அதன் செம்பழுப்பு வெளிறிய ரப்பரை எடுத்துக்காட்டுகிறது. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி.

மேல்பூச்சு எல்லாப் பலகைக்கும் ஒன்றல்ல என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தழும்புப் பலகைக்கு எண்ணெய்தான். ஆளிவிதை எண்ணெய் பழுப்பை ஆழமாக்கி, சுருண்ட நாருக்கு உயிர் கொடுக்கிறது. கொஞ்சம் மஞ்சளிப்பதும் வைக்கோல் நிறத்துக்குப் பொருந்திவிடுகிறது. நீலம் ஏறிய பலகைக்கு அதே எண்ணெயைப் பூசினால் மஞ்சளும் நீலமும் கலந்து அழுக்குப் பச்சையாகிவிடும். அதற்குத் தண்ணீரில் கரையும் நிறமற்ற வார்னிஷ், மெல்லியதாக மூன்று கை. ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடாகித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மாட்டுவதற்கு ஒரு சட்டத்தை 45 பாகையில் நீளவாட்டில் பிளந்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியைப் படத்தின் பின்னாலும் பொருத்தினேன். ஒன்றின்மேல் ஒன்று கவ்விக்கொண்டு உட்காரும்; ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடுவதைவிட உறுதி. படத்துக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் காற்று ஓட இடம் விட்டேன். அடைமழை மாதங்களில் செங்கல் சுவர் குளிர்ந்து வியர்க்கும். ஒட்டினாற்போல் மாட்டினால் பின்புறம் பூசணம் பிடிக்கும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் சுழிகள் எழும்பித் தெரியும், எதிரே வைத்தால் தட்டையாகிவிடும்.

படத்தின் கீழே சுவரோரம் மாவு போன்ற தூள் விழுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் மாவுவண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். போரான் சரியாக ஏறாத பலகை அது. இதுவரை தூள் விழவில்லை. நீலப் பலகைகளில் ஒன்று இன்னும் அடுக்கில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பிளப்பதா, முழுசாகவே மாட்டுவதா என்று அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு நடக்கிறது. பிளக்க வேண்டாம் என்பது அவர் கட்சி.